கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வட்டம்

இசக்கியப்பனுக்கு வயது ஐம்பது. அவருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்த மெஹருக்கு அதில் பாதிதான். அவள் டீச்சர், அவர் அண்ணாச்சி. பால் குளிரூட்டும் நிலையத்தில் எல்லாருக்கும் இது சிரிப்பு. அவர்கள் இருவருக்கும் இல்லை.

அவர் எழுதிய புரோகிராம் சின்னதுதான். டேங்க்கில் பால் குளிர்ந்திருந்தால் கணினித் திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், பச்சை வட்டம். சூடேறினால் அதே வட்டம் சிவப்பாகும். அதை நம்பி அன்றைக்கு ஒருத்தரும் டேங்க் பக்கம் போகவில்லை. சுற்றுவட்டார ஊர்ப் பால் முழுக்க உள்ளே கிடந்தது. சாயங்காலம் லாரிக்காரர் சோதித்துப் பார்ப்பார். கெட்டிருந்தால் மொத்தமும் சாக்கடைக்குத்தான்.

"மத்தியானம் கரண்ட் போயிட்டு வந்துச்சு டீச்சர். கம்ப்யூட்டர் பேட்டரியில ஓடுச்சு. அப்பக்கூட நிறம் மாறல," என்றார் பெருமையாக. "இனி நான் என்ன படிக்கணும்?"

மெஹர் மவுஸை மெல்ல நகர்த்தி, அம்பைப் பச்சை வட்டத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். க்ளிக்கூடச் செய்யவில்லை.

வட்டம் மறைந்தது.

"என்ன டீச்சர், அழிச்சுப்புட்டீங்களே!"

"நான் அழிக்கல. கரண்ட் போனப்ப டேங்க் வெப்பமானி நின்னுருக்கும், அதோட உங்க புரோகிராமும் செத்துப்போச்சு. அது செத்தாலும் படம் அப்படியே நிக்கும். மவுஸ் மேல பட்டாத்தான் போகும்."

"அப்ப டேங்க்?"

"என்னையா கேக்கீங்க? ஓடுங்க அண்ணாச்சி!"

ஓடினார். முற்றத்தைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. குளிரூட்டும் மோட்டார் சத்தம் இல்லை. கரண்ட் போனபோது நின்றதை யாரும் திரும்பப் போடவில்லை. சுவிட்சைத் தட்டினார். உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. மூடியைத் திறந்து ஒரு கரண்டி மொண்டு வாயில் விட்டார். அவசரத்தில் பாதி சட்டையில் கொட்டியது.

புளிக்கவில்லை. ஆனால் குளிர்ச்சியும் இல்லை.

திரும்பி வந்தபோது அவருக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

"சிவப்பாக்குற வரியச் சரியாத்தானே எழுதியிருக்கேன்?"

"சரியாத்தான் இருக்கு. அதச் செய்யிறதுக்கு உயிர் வேணும்லா?"

வெளியே லாரி ஹாரன் கேட்டது. அவர் நகரவில்லை.

"அப்ப பச்சையா இருந்தா எப்படித்தான் நம்புறது?"

மெஹர் சொன்னாள்: "காய்ச்சல்ல கிடக்க பிள்ளை சத்தமில்லாமத் தூங்குதேன்னு பெத்தவ பேசாமப் போயிருவாளா அண்ணாச்சி? மூக்குக்கிட்ட விரல வச்சுல்லா பாப்பா."