படகு வியாபாரியை எடை போட்டவர்கள்

காங்கேயத்துக்குக் கிழக்கே ஊத்துப்பாளையம் என்று ஓர் ஊர். பெயரில் இருக்கும் ஊற்று ஊரில் கிடையாது. மழை வந்தால் சனங்கள் வாசலுக்கு ஓடிவந்து யாரோ விருந்தாளி வந்ததுபோல வேடிக்கை பார்ப்பார்கள். அந்த ஊர்க்காரர் நாச்சிமுத்துதான் சொகுசுப் படகு வாங்கினார்.

எல்லாம் ரோஷத்தில் வந்தது. அவர் மகள் கோகிலவாணிக்குச் சென்னையில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணமும் அங்கேதான், கடற்கரைச் சாலை மண்டபத்தில். நிச்சயதார்த்தப் பந்தியில் சம்பந்தி ஜெகதீசன் பாயசத்தை வழித்துக்கொண்டே, "உங்க ஊர் ஆளுங்க அவ்வளவு தண்ணியைப் பார்த்திருக்க மாட்டாங்க சம்பந்தி. பயந்துடப் போறாங்க, முன்கூட்டியே சொல்லிக் கூட்டிட்டு வாங்க" என்றார். பந்தி மொத்தமும் சிரித்தது.

நாச்சிமுத்துவுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. எச்சில் கையோடு எழுந்து நின்றார். "என்ற பொண்ணு மண்டபத்துக்குச் சொந்தப் படகுலதான் வந்து எறங்குவா" என்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான், படகு எங்கே விற்கிறார்கள் என்று யோசித்தார்.

மச்சினன் சென்னியப்பனையும் பங்காளி மாரப்பனையும் கூட்டிக்கொண்டு வக்கீல் சபாபதியிடம் போனார். வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"படகைப் பத்தி உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால விக்கறவனைப் பாருங்க. முதல்ல ஆளை நல்லா எடை போடுங்க. வித்த பொறவு கையை விட்டுடற ஆளா இருந்தா வேண்டவே வேண்டாம். வாங்கறவங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடணும், அவன்தான் வியாபாரி. அப்பறம், வெள்ளோட்டம் பாக்காம மட்டும் வாங்கிப் போடாதீங்க."

மூவரும் அதை ஊர் வந்து சேரும்வரை மாற்றி மாற்றி ஒப்பித்தார்கள். மறுநாளே களத்தில் கொப்பரை மூட்டை நிறுக்கும் எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினார்கள்.

முதல் கடையில் ரோஷன் என்ற இளைஞன் கோட்டும் டையுமாக வரவேற்றான். "சார், எந்த மாதிரி படகு பார்க்கறீங்க?"

"படகைப் பாக்க வேண்டாம்னு சொல்லியிருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து. "நீங்க இதுமேல ஏறி நில்லுங்க."

ரோஷன் ஏதோ பரிசுக் குலுக்கல் என்று நினைத்து ஏறிவிட்டான்.

"ஷூவோட நிறுக்கறதா, கழட்டிட்டா?" என்று மாரப்பன் சந்தேகத்தைக் கிளப்பினான்.

"கொப்பரையச் சாக்கோடவா நிறுக்கறோம்? சாக்குக்குக் கழிச்சுத்தானே கணக்கு" என்றான் சென்னியப்பன்.

ஷூ கழன்றது. கோட்டும் கழன்றது. டை சாக்குக் கணக்கில் வருமா வராதா என்று பேச்சு நீண்டபோது ரோஷன் தானே அதையும் கழற்றிக் கொடுத்தான். எடை தெரிந்துவிட்டது. ஆனால் எத்தனை கிலோ இருந்தால் நல்ல வியாபாரி என்று வக்கீல் சொல்லவில்லையே! நாச்சிமுத்து போன் போட்டார்.

"எடை போட்டாச்சுங்க."

"ஆள் எப்படி?"

"ரொம்ப லேசான ஆளுங்க."

"லேசான ஆள்னா விட்டுட்டு வாங்க. கனமான இடமாப் பாருங்க" என்று வக்கீல் போனை வைத்தார்.

ரோஷன் வெறும் காலோடு வாசல்வரை ஓடிவந்தும் பயனில்லை.

இரண்டாவது கடை ஸ்டீபன் பர்னாந்துவுடையது. நாற்காலியை நிறைத்து உட்காரும் மனிதர். அவர் கடைக்கு வருகிறவர்கள் படகின்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்களே தவிர, வாங்குகிறவர் யாரும் வந்து வெகுநாளாகியிருந்தது. அதனால் மிஷினில் ஏறச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஏறினார். முள் கடைசிவரை ஓடி, முட்டிக்கொண்டு நின்றது.

"கனமுன்னா இது கனம்" என்று சென்னியப்பன் பூரித்துப்போனான்.

நாச்சிமுத்து மரியாதையாகக் கையை நீட்டினார். பர்னாந்து குலுக்கினார். குலுக்கி முடிந்த பிறகும் நாச்சிமுத்து பிடித்தபடியே இருந்தார். மனுசன் எப்போது கையை விடுகிறான் என்று பார்க்க வேண்டுமே! டீ வந்தது, பர்னாந்து இடது கையால் குடித்தார். போன் வந்தது, தோளில் இடுக்கிக்கொண்டு பேசினார். கடைசியில் பாத்ரூம் போக வேண்டியும் வந்தது. அப்போதும் கதவு பாதிதான் மூடியது. நாச்சிமுத்து வெளியே நின்று, கையை மட்டும் உள்ளே கொடுத்துவிட்டு, முகத்தை மரியாதையாகத் திருப்பிக்கொண்டார்.

"கையை விடற ஆளில்லைங்க இவரு" என்று வெளியே வந்ததும் சான்றிதழ் கொடுத்தார். "இனி எங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடுங்க."

பர்னாந்து மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு பேரையுமா?"

நியாயமான கேள்வி. மூவரும் ஒரு மூலைக்குப் போய்ப் பேசினார்கள்.

"வக்கீல் 'வாங்கறவங்களை'ன்னுதான் சொன்னாரு. அப்ப எல்லாரையுந்தான்" என்றான் மாரப்பன்.

"அது மரியாதைக்குச் சொல்றதுடா. ஒத்தை ஆளையும் அப்படித்தானே சொல்லுவாங்க?" என்றார் நாச்சிமுத்து.

"மரியாதைன்னா மச்சானுக்கு மட்டுந்தான் இருக்குது. நமக்கேது?" என்று சென்னியப்பன் முடித்துவைத்தான்.

பர்னாந்து நாச்சிமுத்துவைத் தூக்கித் தலைமேல் உட்கார வைத்து, மூச்சு வாங்க வாங்க ஆடினார். மேலே நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் தேர் பார்க்க அப்பா தூக்கியதற்குப் பிறகு அவரை யாரும் தூக்கியதில்லை. இந்த மனுசனிடம்தான் படகு என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

மிச்சமிருந்தது வெள்ளோட்டம். மூவரும் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். மாரப்பனின் வேட்டியில் பச்சைக் கரை.

"கரை இருக்கலாமா மச்சான்? வெள்ளை கெட்டுப்போவுதே" என்றான் சென்னியப்பன்.

நாச்சிமுத்து நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "இருக்கட்டும் மாப்ளே. கரையே இல்லாம ஓடினா, நாளைக்குப் படகு எப்படிக் கரை சேரும்?"

மேடையில் நிறுத்தியிருந்த படகைச் சுற்றி மூவரும் நாக்குத் தள்ள ஓடினார்கள். பர்னாந்து, "வாங்க சார், கடல்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டார்.

"ஓடியாச்சுங்க" என்றார் நாச்சிமுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. "நல்லா ஓடுது."

படகு கைமாறியது. பர்னாந்து பொறுப்பாக இரண்டு விஷயம் சொன்னார்: உப்புத் தண்ணீர் பட்டால் உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், எங்கே நிறுத்தினாலும் நங்கூரம் போட வேண்டும்.

நாச்சிமுத்துவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஊரில் குடிக்கவே லாரித் தண்ணீர். இதில் படகை எங்கே கழுவுவது? உப்புத் தண்ணீர் பக்கமே அதை விடக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டார்.

கல்யாணத்தன்று கடற்கரைச் சாலையில் நீண்ட லாரி ஒன்று ஊர்ந்து வந்தது. அதன்மேல் படகு. படகின்மேல் பட்டுச்சேலையில் கோகிலவாணி. சிக்னலில் சிவப்பு விழுந்ததும் சென்னியப்பனும் மாரப்பனும் நங்கூரத்தை நடுரோட்டில் 'டங்'கென்று இறக்கினார்கள். பச்சை விழுந்ததும் இழுத்து ஏற்றினார்கள். ஏற்றி முடிப்பதற்குள் மறுபடி சிவப்பு விழுந்தது. மறுபடி இறக்கினார்கள்.

டிராபிக் போலீஸ்காரர் ஓடிவந்தார். "யோவ், கடல் அந்தப் பக்கம் இருக்குய்யா!"

"தெரியுமுங்க" என்றார் நாச்சிமுத்து மேலிருந்து. "அதுக்குப் பயந்துதானே இந்தப் பக்கமா ஓட்டிட்டு வர்றோம்."

ஒருவழியாக மண்டபம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மேளத்தை நிறுத்திவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். கோகிலவாணி ஏணியில் இறங்கிவந்து மாமனாரை வணங்கினாள். "தண்ணியில்லாம வர்றதுக்கு எனக்கும் கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு மாமா. ஆனா அப்பா சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு" என்றாள். ஜெகதீசன் தானே முன்னால் வந்து நாச்சிமுத்துவைப் பந்திக்கு அழைத்துப் போனார். நாச்சிமுத்து அன்று பந்தியில் மூன்று முறை பாயசம் வாங்கினார்.

விருந்துக்கு வந்திருந்த பர்னாந்து கிளம்பும்போது நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, "படகுக்குள்ள தண்ணி வந்துட்டா ஒரு போன் பண்ணுங்க சார். எங்க இருந்தாலும் ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படகு ஊத்துப்பாளையம் வந்து வானம் பார்த்த மேட்டாங்காட்டில் நின்றது. மகள் போன வீடு வெறிச்சென்று இருந்தது. நாச்சிமுத்து தினமும் போய்ப் படகுக்குள் எட்டிப் பார்ப்பார். காய்ந்து கிடக்கும்.

"எத்தனை நல்ல மனுசன். ஒரு தடவை கூப்பிட முடியலியே" என்று ஏங்கினார். "வித்த பொறவு வர்றாரா இல்லையான்னும் பாத்தாகணுமே."

"அடியில ஒரு ஓட்டை போடுங்கண்ணா, தண்ணி வந்துரும்" என்றான் மாரப்பன்.

ஓட்டை போட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். ஓர் ஓணான் வந்தது.

"தண்ணிக்கு வழி தெரியல மச்சான். நாமதான் கொண்டாந்து விடணும்" என்றான் சென்னியப்பன்.

லாரித் தண்ணீர் வாங்கிப் படகுக்குள் விட்டார்கள். அது ஓட்டை வழியாக வெளியே ஓடிவிட்டது. உடனே தேங்காய் மட்டையால் ஓட்டையை இறுக்கி அடைத்துவிட்டு, மறுபடி விளிம்புவரை நிரப்பினார்கள். பிறகு நாச்சிமுத்து சந்தோஷமாகப் போன் போட்டார். "ஐயா, தண்ணி வந்துருச்சுங்க!"

பர்னாந்து சொன்ன சொல் தவறாமல் பதறியடித்துக்கொண்டு கார் பிடித்து வந்தார். செம்மண் காட்டின் நடுவே படகு நின்றது. அதற்குள் மூவரும் கழுத்தளவு தண்ணீரில் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

அவர் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "என்ன சார் இது? சுத்தி ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்லையே!"

"அதைத்தானுங்க நாங்களும் சொல்றோம்" என்றார் நாச்சிமுத்து. "வெளிய இருக்க வேண்டிய தண்ணி பூரா உள்ள வந்துருச்சு!"