கோடு இல்லாத புள்ளி

ஒரு ஊர்ல ஒரு பெரிய ஏரி, கண்ணு. ஏரிக்குள்ள அஞ்சு திட்டு. திட்டுக்குத் திட்டு தோணி போற தடம். புங்கந்திட்டுல வேம்புன்னு ஒரு தோணிக்காரி. அவ தங்கச்சி மாரக்காவுக்கு ஒரு நா காலையில இடுப்புவலி எடுத்துடுச்சு. மருத்துவச்சி தாயம்மா இருக்கறதோ தூரத்து நாவல்திட்டுல. கேக்கறியா?

ம்.

அப்போ வேம்பு குச்சியெடுத்து மணல்ல கீறினா. திட்டுக்கு ஒரு புள்ளி. தடம் இருக்கற ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒரு கோடு. சடையன் திட்டுக்கு மட்டும் கோடே இல்ல. அங்க சடையன்னு ஒருத்தர் தனியா இருந்தாரு; பெண்சாதி செத்ததுலேர்ந்து அவரும் யார்கிட்டயும் வரல, அவரை யாரும் தேடிப் போகல.

முதல்ல நாவல்திட்டுக்கு நேராப் போற குட்டைக்கோடு. சளக் சளக்னு துடுப்புப் போட்டா. நடுவுல ஆகாயத்தாமரை அடைச்சுக் கிடக்கு! திரும்பி வந்து கோட்டை அழிச்சா.

அப்புறம் தென்னந்திட்டு வழி. அங்கேர்ந்து போன தடம் சுத்தோ சுத்துன்னு சுத்தி, புறப்பட்ட கரைக்கே கொண்டுவந்து விட்டுடுச்சு.

அப்புறம் புளியந்திட்டு வழி. அங்கேர்ந்து நாவல்திட்டுப் பக்கமா தண்ணி சர்ர்ர்ருனு இழுக்குது. அதுல இறங்காமத் திரும்பி வந்து, அந்தக் கோட்டுல அம்புக்குறி போட்டா.

அம்புக்குறி எதுக்கு அத்தை?

போகத்தான் முடியும், எதிர்த்து வர முடியாது. "நான் மட்டும் போய் மருத்துவச்சி வீட்டுல உக்காரவா?"ன்னு அழுதா வேம்பு. உள்ள மாரக்கா "அக்கா... அக்கா..."ங்கறா.

அப்போதான் அந்தத் தனிப்புள்ளியைப் பாத்தா. கரையோரம் ஓடி, எதிர்த்த திட்டைப் பாத்து, "சடையன் ஐயா! ஐயோ, ஐயா!"ன்னு கூப்பிட்டா.

நாணல் சரசரன்னுச்சு. "யாரு தாயி?"

"உங்க பக்கமா நாவல்திட்டுக்குத் தடம் உண்டா? தங்கச்சிக்குப் பிரசவ வலி!"

"நாணலுக்குள்ள ஓடை இருக்கு. போகவும் ஆகும், வரவும் ஆகும். யாரும் கேட்டதில்ல தாயி."

இடுப்பளவு தண்ணியில இறங்கி, நாணலை விலக்கி, தோணியை அவரே தள்ளிக்கிட்டுப் போனாரு. தாயம்மாவோட திரும்பி வந்தாங்க. அப்புறம் கொஞ்ச நேரத்துல, குவா! குவா!

வேம்பு அவர் கால்ல விழுந்துட்டா. மறுநாளே நாலு திட்டு சனமும் அரிவாளோட வந்து, நாணலை வெட்டி, சடையன் திட்டுக்கு திட்டுக்கொரு தடம் போட்டாங்க. எங்கேர்ந்தும் எங்கேயும் போகலாம்னு ஆயிடுச்சு.

மாரக்கா பிள்ளையை முதல்ல அவர் மடியிலதான் வச்சா.

"பிள்ளையைத் தூக்கிப் பழக்கமில்ல தாயி."

"பழகிடும் ஐயா. பிடிச்சுக்கோங்க."

பிடிச்சுக்கிட்டாரு. ரொம்ப நேரம் திருப்பியே தரல.

கண்ணு?... ம் இல்லையா? சரி, கதை கரை சேந்துடுச்சு, நீயும் தூங்கு.