இலை உதிராத கொடி

இன்னாசிமுத்து ஃபாதருக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு.

குருவின் பெயர் ஒச்சம்மாள். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகப் போய்த் திராட்சைக் கொடிகளைக் கத்தரியால் வெட்டிக் கவாத்து செய்பவள். ஊரே 'சாமி' என்று கும்பிடும் ஃபாதர் அவளை மட்டும் 'டீச்சர்' என்பார். கேலியாக ஆரம்பித்தது, நாளடைவில் மெய்யாகிவிட்டது.

ஃபாதர் இருபத்திரண்டு வருடம் இத்தாலியில் ஒரு மலையூரில் இருந்தவர். மறைமாவட்ட ஆயர் கூப்பிட்டார், சொந்த ஊருக்கே வந்துவிட்டார். ஆனால் அந்த மலையூர்த் திராட்சை ரசம் நாக்கை விட்டுப் போகவில்லை. அதே ரகத்தை நாசிக் பக்கத்து நாற்றுப் பண்ணையிலிருந்து வரவழைத்து, கோயிலுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில் பன்னிரண்டு கொடி நட்டார். வண்டல் மண், வேண்டிய மட்டும் தண்ணீர். மூன்று வருடத்தில் வானம் தெரியாத அளவுக்கு இலை மண்டியது. பழம்தான் பேருக்குக்கூட இல்லை.

ஒச்சம்மாள் கத்தரியோடு வருவாள். அவர் குறுக்கே நிற்பார். மூன்று வருடமாக இதே கூத்துதான்.

அன்று அவர் கையில் ஒரு உறை இருந்தது.

"என்ன சாமி அது?"

"ஆயருக்கு லெட்டர். என்னைய அங்கயே திருப்பி அனுப்பிருங்கன்னு எழுதியிருக்கேன். இந்த மண்ணு கொடிக்கும் ஒத்துக்கல, எனக்கும் ஒத்துக்கல டீச்சர்."

ஒச்சம்மாளுக்குச் சுருக்கென்றது. இந்த மனிதரோடு சண்டை போடாமல் அவளுக்கு வாரம் ஓடாது.

"வெட்ட விட்டாத்தானே காய்க்கும்?"

"பச்சை இலையோட எப்பிடிம்மா வெட்டுறது? அங்கெல்லாம் பனிக்காலம் வரும். இலை தானா உதிரும். கொடி தூங்கும். அப்புறந்தான் கத்தரி."

"அப்ப மூணு வருசமா பனிக்குக் காத்துக்கிட்டா இருந்தீங்க?"

ஃபாதர் வாய்க்காலைப் பார்த்தார்.

"கார்த்திகையில கொஞ்சம் குளிருச்சே..."

ஒச்சம்மாள் சிரித்துச் சிரித்துப் பந்தல் கல்தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பனி வந்து தூங்க வைக்காது சாமி. நாமதான் தூங்க வைக்கணும். தண்ணியையும் நாமதான் நிறுத்தணும். நீங்க ஊட்டி ஊட்டி விட்டா அது இலையத்தான் விடும், காய் எதுக்கு விடப்போகுது?"

"செத்துப்போச்சுன்னா?"

"அப்ப லெட்டரைப் போடுங்க. பழம் பழுத்து, ரசமாகுற வரைக்கும் அது உங்க மேசையிலயே கிடக்கட்டும்."

ஃபாதர் அரை மனதாகத் தலையாட்டினார்.

வாய்க்கால் மடையை அடைத்தாள். இரண்டு வாரம் கழித்துக் கத்தரியோடு வந்தாள். சத்தம் காதில் விழக் கூடாதென்று ஃபாதர் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். மதியம் வெளியே வந்து பார்த்தால் பந்தலில் வெறும் குச்சிகள்.

"கொன்னுட்டியே!" என்றார். மரியாதை போன இடம் தெரியவில்லை.

"பன்னண்டாம் நாள் வந்து திட்டுங்க" என்றாள் அவள்.

பன்னிரண்டாம் நாள் அவர் திட்ட வரவில்லை. விடிந்ததும் அவள் வீட்டு வாசலில் நின்று, துளிர் விட்டிருக்கிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஒவ்வொரு துளிரிலும் கடுகு கடுகாக ஒரு மொட்டுக் கொத்து எட்டிப் பார்த்தது.

நாலாவது மாதம் பழுத்தது. ஃபாதரே பறித்து, தானே பிழிந்து, ஜாடியில் ஊற்றி, வாய் கட்டி வைத்தார். ரசம் புளித்துத் தெளிந்த அன்று ஒச்சம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, கண்ணை மூடி, ஒரு வாய் குடித்தார். முகம் வாடிவிட்டது.

"இது அது இல்ல டீச்சர்."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது கல்லுக்குள்ள வேர் விட்டு, தண்ணிக்குத் தவிச்சு, குளிர்ல நிதானமாப் பழுத்தது. அந்தப் புளிப்பு இதுல இல்ல. இதுல நம்ம வெயில்தான் இருக்கு. வாய்க்கா மண்ணுதான் இருக்கு."

கை தானாக மேசைமேல் இருந்த உறையைத் தடவியது.

ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள்.

"அந்த ஊர்ல அவுக பாஷைய நீங்க அவுக மாதிரியே பேசுவீங்களா சாமி?"

"எங்க! இருபத்திரண்டு வருசமும் நம்ம ஊரு இழுவைதான். நான் பிரசங்கம் வைக்கையில பிள்ளைகள்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும்."

"அதுக்காக அனுப்பிட்டாங்களா?"

"சேச்சே! கிளம்புன அன்னைக்கு ஊரே அழுதுச்சு."

ஒச்சம்மாள் ஜாடியின் வாயை மறுபடி துணியால் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்:

"இதுவும் இங்க வந்து நம்ம இழுவையிலதான் பேசுது. சிரிச்சுக்கங்க சாமி. விட்டுட்டுப் போயிராதீங்க."

ஃபாதர் ஈர டம்ளரை ஆயருக்கு எழுதிய அந்த உறையின் மேலேயே வைத்தார்.