குங்குமம் ஒட்டாத இடம்

"குருவே, மறுபடியும் ஒழுகுது!"

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பச்சியப்பன் பட்டறை வாசலிலேயே கத்தினார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

லூர்துமேரி தலை நிமிரவில்லை. சேலத்தில் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பிரித்து மாட்ட அவளை விட்டால் ஆள் கிடையாது. பச்சியப்பனைவிட ரொம்பச் சின்னவள்தான். இருந்தாலும் அவருக்கு அவள்தான் குரு. அல்வாக் கடையைப் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு, மத்தியானமானால் எஞ்சின் வேலை கற்றுக்கொள்ள இங்கே ஓடி வந்துவிடுவார் மனுஷன்.

"எங்க ஒழுகுது?"

"அதே இடந்தான். எஞ்சினோட பக்க மூடி. மூடிக்கு அடியில புது கேஸ்கட் அட்டை வச்சேன், ஒழுகுது. கேஸ்கட் மேல பேஸ்ட் தடவினேன், ஒழுகுது. ரெண்டு கேஸ்கட்டைச் சேத்து வச்சு, பேஸ்டை அப்பி அப்பி..."

"ஒழுகுது."

"ஆமாம்மா!"

அவர் பதறியதில் நியாயம் இருந்தது. விடிந்தால் ஊரிலுள்ள பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் கூட்டமாக ஏற்காடு ஏறுகிறார்கள். போன வருஷம் இவர் வண்டி சிந்திய எண்ணெயில், பின்னால் வந்தவர் வளைவில் சறுக்கி விழப் பார்த்தார். இந்த முறை ஒரு சொட்டு விழுந்தாலும் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே கடையில் பெண்டாட்டி கனகா, கூட வருவதற்கென்று கிளிப்பச்சையில் ஹெல்மெட் வாங்கி வைத்துக்கொண்டு, அதைப் போட்டபடியே மாவு பிசைகிறாள்.

"எந்தப் பேஸ்ட் போடணும், எவ்வளவு போடணும், அதை மட்டும் சொல்லு குருவே. என் மானம் உன் கையிலதான் இருக்கு."

"மூடியைக் கழட்டுங்க."

போல்ட் ஒவ்வொன்றும் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது.

"நல்லா இறுக்கியிருக்கீங்க."

"பின்னே? அல்வா கிண்டுற கையாச்சே!" பச்சியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

லூர்துமேரி சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் மல்லாத்தினாள்.

"என்ன, மேக்கப் போடவா?"

அவள் அவர் நெற்றியைப் பார்த்தாள். "கோயிலுக்குப் போய்ட்டு வந்தீங்களா?"

"வேற என்ன பண்றது? ஒழுகக் கூடாதுன்னு மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

"குங்குமத்தைக் குடுங்க."

சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைக் கொடுத்தார். அவள் அதில் எண்ணெய் விட்டுக் குழைத்துக் கண்ணாடியில் மெல்லிசாகத் தடவினாள். மூடியை அதன்மேல் கவிழ்த்து லேசாக அசைத்து எடுத்தாள். திருப்பிக் காட்டினாள்.

போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மட்டும் சிவப்பு. நடுவில் எங்குமே குங்குமம் ஒட்டவில்லை.

"அங்கல்லாம் ஏன் ஒட்டல?"

"பள்ளம். கண்ணாடி சமதளம். அதைத் தொடாத இடம் எஞ்சினையும் தொடாது."

"அட கிரகமே! கோணல் மூடியை என் தலையில கட்டிட்டானே வண்டியை வித்த படுபாவி!"

லூர்துமேரி அவருடைய ஸ்பேனரை எடுத்து மூடியின் பக்கத்தில் வைத்தாள். பிடி போதாதென்று அதில் ஒரு நீளக் குழாயைச் செருகி வைத்திருந்தார் பச்சியப்பன்.

அவர் மூடியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார்.

"ஒழுகிச்சு, இறுக்கினேன். இன்னும் ஒழுகிச்சு, இன்னும்... ஐயோ, நானா வளைச்சேன்?"

அவள் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, கண்ணாடிமேல் பொடி உப்புத்தாளை விரித்து, மூடியைக் கவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். "தேயுங்க. அழுத்தக் கூடாது."

தேய்த்தார். மறுபடி குங்குமத்தில் வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு கொஞ்சம் நீண்டிருந்தது. தேய்த்தார். இன்னும் நீண்டது. பச்சியப்பனுக்குக் கை பரபரத்தது. காபி வந்தது, ஆறியது, திரும்பிப் போனது.

"குருவே! வந்துடுச்சு! இங்க பாரு, சுத்தி வர வந்துடுச்சு!"

விளிம்பு முழுக்கச் சிவப்பு. துடைக்கவே மனசு வரவில்லை அவருக்கு.

எஞ்சின் பக்கத்தையும் அவள் சமமாக்கினாள். ஒரே ஒரு கேஸ்கட் வைத்தாள்.

"பேஸ்ட்?"

பேஸ்ட் டியூபை மூடி டிராயருக்குள் போட்டாள். ஒரு குட்டை ஸ்பேனரை அவரிடம் நீட்டினாள். எதிரெதிர் போல்ட்டாக மெதுவாக முடுக்கினார்.

"இன்னும் ஒரு சுத்து..."

"அண்ணே."

கையை எடுத்துவிட்டார்.

எண்ணெய் ஊற்றினார்கள். கீழே செய்தித்தாளை விரித்தார்கள். பச்சியப்பன் உதைத்தார். எஞ்சின் சீராகத் துடித்தது. மனுஷன் தரையில் குப்புறப் படுத்துத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு கொதித்தது. தாள் அப்படியே கறையில்லாமல் கிடந்தது.

"ஒரு சொட்டு இல்ல! அடி சக்கை!"

துள்ளி எழுந்தவர் பட்டறைக்குள் ஓர் ஆட்டமே போட்டுவிட்டார். போன் போன வேகத்தில் கனகா ஆட்டோவில் வந்து இறங்கினாள், தலையில் கிளிப்பச்சை ஹெல்மெட்டோடு.

"இங்க இருந்து வீடு வரைக்கும் ஓட்டிப் பாத்துடலாம்ங்க! நான் ஏறட்டுமா?"

"இரு கனகா. மலை ஏறணும்ல? எதுக்கும் இதை மட்டும் ஒரு பிடி..."

குழாய் செருகிய ஸ்பேனர் எப்படியோ அவர் கைக்கு வந்திருந்தது.

லூர்துமேரி கண்ணாடியைத் துடைத்து எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஓர் ஆள் தெரிந்தான்.

பச்சியப்பன் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். குழாயை உருவி அவள் கையில் கொடுத்தார்.

"ஏறு கனகா, போலாம்."