கடைசியாகத் தெரிந்த வரி

"என்னை எடுப்பாங்களா மேடம்?" என்று கேட்டான் சகாயம்.

நூர்ஜஹான் பதில் சொல்லவில்லை.

ஆறு நாளாகச் சொல்லவில்லை.

சகாயத்துக்கு வயது முப்பத்தாறு. அந்தக் கண் மருத்துவமனையின் பார்வை பரிசோதனை அறையில் பன்னிரண்டு வருஷ வேலை. ஆப்டோமெட்ரி என்கிற கண் பரிசோதனைப் படிப்பில் பட்டம் வாங்கியவன்தான். சராசரி மதிப்பெண் பத்துக்கு ஐந்து புள்ளி நான்கு. மேற்படிப்புக்கு மூன்று கல்லூரிகளில் விண்ணப்பித்தான். மூன்றும் அந்த எண்ணைப் பார்த்ததோடு சரி.

நான்காவது கல்லூரி கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தது. சராசரி ஆறுக்குக் கீழே இருந்தால், அதைப் பற்றித் தன் கையால் எழுதித் தர வேண்டும். வேலை பார்க்கும் இடத்தின் துறைத் தலைவர் அதை வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குள் கூரியரில் போட்டால்தான் உண்டு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

துறைத் தலைவர் நூர்ஜஹான், சகாயத்தைவிட நான்கு வயது இளையவர். வேலைக்கு வந்த முதல் மாதம் அவருக்கு லென்ஸ் பெட்டியைத் திறந்து காட்டியவனே சகாயம்தான். பிறகு அவர் மேலே படிக்கப் போனார், திரும்பி வந்தார். அண்ணே என்று கூப்பிடுவதை மட்டும் மாற்றவில்லை. இப்போது சந்தேகம் வந்தால் அவன் போய் நிற்பது அவர் முன்னால்தான்.

அவன் நான்கு பக்கம் எழுதியிருந்தான். அப்பாவுக்கு வந்த பக்கவாதம் ஒன்றரைப் பக்கம். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் திணறியது ஒரு பக்கம். மஞ்சள்காமாலை அரைப் பக்கம். மீதி, அவனைக் கண்டாலே ஆகாத ஒரு பேராசிரியருக்கு.

"அதுல ஒரு பொய்கூட இல்ல மேடம்."

"தெரியும் அண்ணே."

நூர்ஜஹான் மேசையிலிருந்த ஒரு நோயாளியின் சீட்டை எடுத்து அவனிடம் நீட்டினார். "இவரைப் பாத்துட்டு வாங்க."

"கையெழுத்து?"

"பாத்துட்டு வாங்க."

வெளியே மழை பிடித்திருந்தது. மணி மூன்று ஐந்து.

வந்தவர் இசக்கிமுத்து, லாரி ஓட்டுநர், ஐம்பத்திரண்டு வயது. உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும். காலையிலிருந்தே பரிசோதனை அறை வாசலில் நிற்கிறாராம். தனக்குப் பின்னால் வந்த பதினோரு பேரை முன்னே அனுப்பிவிட்டு நின்றாராம். நல்ல மனுஷன் என்றாள் சீட்டு எழுதும் பெண்.

சகாயம் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச்சுவரிலிருந்த எழுத்துப் பலகையைக் காட்டினான். இடது கண்ணை மூடிக்கொண்டு இசக்கிமுத்து வாசித்தார். ஏழு வரி. ஆங்கில எழுத்துகள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

சகாயம் அதைச் சீட்டில் எழுதவில்லை. கீழ் வரிக்கு வரும்போது குரல் இறங்காத ஆளை அவன் பன்னிரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை.

அடுத்த கண்ணை மூடச் சொன்னான். இசக்கிமுத்து கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்த நேரத்தில் சகாயம் பலகையைத் திருப்பி மாட்டினான். பின்பக்கம் தமிழ்.

"கடைசி வரியை மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி."

இசக்கிமுத்து அதே ஆங்கில எழுத்துகளை, அதே வேகத்தில் சொன்னார்.

உச்சியில் ஒரு 'ப' இருந்தது. உள்ளங்கை அகலம். தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. சொல்வதிலேயே இருந்தார்.

"அண்ணாச்சி, அது தமிழு" என்றான் சகாயம்.

இசக்கிமுத்து கண்ணை மறைத்த கையை எடுத்தார். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். முப்பது வருஷ ஸ்டியரிங் என்றார். வேறு வேலை தெரியாது என்றார். கடைசி மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை என்றார்.

"ஃபெயில் போட்டுராதீங்க சார்."

"இது பரீட்சை இல்ல. இங்க யாரும் ஃபெயில் ஆக முடியாது. கடைசியா எது தெரியுதுன்னு சொல்லுங்க. அங்கிருந்துதான் நான் லென்ஸ் போட முடியும்."

இந்த முறை இசக்கிமுத்து மெதுவாக வாசித்தார். இரண்டு கண்ணுக்கும் மூன்றாவது வரியில் நின்றுவிட்டது.

சகாயம் வட்டச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டான். வலது கண் ஆறாவது வரி வரை இறங்கியது. இடது கண் மூன்றாவது வரியை விட்டு நகரவில்லை. எட்டு லென்ஸ் போட்டுப் பார்த்தான். நகரவில்லை. டாக்டர் பார்க்க வேண்டும், இன்றைக்குச் சான்றிதழ் தர முடியாது என்று சொன்னான்.

சீட்டில் சகாயம் பார்வை எண்ணை எழுதுவதை இசக்கிமுத்து எட்டிப் பார்த்தார். பக்கத்திலேயே காரணத்தையும் போடச் சொன்னார். சர்க்கரை, தூக்கம் இல்லை, எதிர் வண்டி வெளிச்சம், தூசி. எல்லாம் உண்மை சார் என்றார்.

"உண்மைதான் அண்ணாச்சி. இந்தக் கட்டத்துல காரணம் எழுத இடம் இல்ல."

சொல்லி முடித்தபோதுதான் வாசலில் நூர்ஜஹான் நிற்பதைப் பார்த்தான்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. கையில் அவனுடைய நான்கு பக்கம்.

இசக்கிமுத்து எழுந்து, இருவரையும் கும்பிட்டுவிட்டு, டாக்டர் அறைப் பக்கம் நடந்தார். நூர்ஜஹான் உள்ளே வந்து அந்த நான்கு பக்கங்களை லென்ஸ் பெட்டியின் மேல் வைத்தார்.

"நீங்க எந்த வரி வரைக்கும் அண்ணே?"

சகாயம் அந்த நான்கு பக்கங்களையும் எடுத்துப் புரட்டினான்.

மணி மூன்று நாற்பது ஆயிற்று. மூன்று ஐம்பது ஆயிற்று.

நோயாளியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மடியில் வைத்து எழுதினான். அடித்தல் திருத்தல் இல்லை. ஆறு வரிதான் வந்தது.

"ஒளியியல் எனக்குப் புரியவில்லை. இரண்டு தடவை தோற்றேன். மூன்றாம் தடவை விடைகளை மனப்பாடம் செய்து எழுதித் தேறினேன். பன்னிரண்டு வருஷமாகக் கைப்பழக்கத்தில் வேலை பார்க்கிறேன். லென்ஸ் ஏன் அப்படிச் செய்கிறது என்று இன்றும் எனக்குத் தெரியாது. அங்கிருந்து சொல்லிக் கொடுத்தால் படிப்பேன்."

நூர்ஜஹான் வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

"இதைப் பாத்தா எடுப்பாங்களா மேடம்?"

"மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு, நூர்ஜஹான் கையெழுத்துப் போட்டார்.