கரடியாரின் இரண்டு கொட்டாங்குச்சிகள்

சுனையோரக் காட்டில் முயல் குட்டிகளுக்கெல்லாம் கண்நோய் வந்துவிட்டது. கண் ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றது.

அந்தக் காட்டின் பெரிய ஆராய்ச்சிக்காரர் கரடியார். "மருந்து கண்டுபிடித்துவிட்டேன்! தினமும் காலையில் குட்டிகளோடு வரிசையில் வாருங்கள்!" என்றார். அவர் முன்னால் இரண்டு கொட்டாங்குச்சிகள் இருந்தன. சில குட்டிகளுக்கு ஒன்றிலிருந்து சொட்டு விட்டார். மற்றவற்றுக்கு இன்னொன்றிலிருந்து விட்டார்.

செவலை என்ற முயல் நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவாள். அவள் குட்டியோ சொட்டு விழுந்தால் போதும், காட்டையே கூட்டிவிடும். அவ்வளவு எரிச்சல்! ஆனால் கண் தெளிந்துகொண்டே வந்தது.

பக்கத்து வளை பூவாத்தாளின் குட்டி சொட்டு விழும்போது சிரித்தது. கண் மட்டும் நாளுக்கு நாள் மோசமானது.

"என்னக்கா, உன் பிள்ளைக்கு எரியவே இல்லையா?"

"என் தங்கம் தைரியசாலிடி! உன் பிள்ளை மாதிரி அழுமூஞ்சியா?"

செவலைக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் குட்டியின் கன்னத்தில் வழிந்ததை நக்கிப் பார்த்தாள். தன் குட்டியின் மருந்து போலக் கசக்கவே இல்லை. வெறும் சுனைத் தண்ணீர்!

சொன்னால் கரடியார் கோபித்துக்கொண்டு தன் குட்டிக்கும் மருந்தை நிறுத்திவிட்டால்? ஆனாலும் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அந்தக் கொட்டாங்குச்சியில் இருப்பது தண்ணீர்தானே?"

"ஆமாம்! மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?"

"அதுதான் செய்கிறதே! என் பிள்ளை கண்ணைப் பாருங்க. இன்னும் எதுக்குத் தண்ணி?"

"மருந்து இல்லாமல் விட்டுவிட்டால் நோய் எதுவரை போகும் என்று பார்க்கிறேன். உன் பிள்ளைக்குத்தான் மருந்து கிடைக்கிறதே! பேசாமல் போ. இல்லாவிட்டால் அதுவும் கிடையாது!"

செவலை குட்டியை இறுக அணைத்துக்கொண்டாள்.

"அப்போ எங்களுக்கும் வேண்டாம் ஐயா. எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கும்போது வர்றோம்!"

அவள் திரும்பி நடந்தாள். கண் தெளிந்த குட்டிகளின் அம்மாக்களும் ஒவ்வொருத்தியாக அவள் பின்னால் நடந்தார்கள். அந்த நெரிசலில் அம்மாவை விட்டு விலகிய பூவாத்தாளின் குட்டி வழி தெரியாமல் கரடியார் காலில் முட்டியது. "அம்மா!" என்று அதையே கட்டிக்கொண்டது.

கரடியார் குனிந்தார். சீழ் கட்டிய அந்தக் கண்ணை அத்தனை கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை. தண்ணீர்க் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தார்.

"செவலை! எல்லோரையும் கூப்பிடம்மா! நான் செய்தது தப்பு!"

அன்று மருந்துச் சொட்டு விழுந்ததும் பூவாத்தாளின் குட்டி போட்ட கத்தலில் மரத்துக் குருவியெல்லாம் பறந்தது.

"கத்துடா ராசா, நல்லாக் கத்து!" என்று அழுதுகொண்டே சிரித்தாள் பூவாத்தாள்.

எவ்வளவு பெரிய ஆராய்ச்சியானாலும் அடுத்தவர் துன்பத்தை அவரைக் கேட்காமல் சோதித்துப் பார்க்கக் கூடாது. அதைத் தட்டிக் கேட்பவர் எவ்வளவு சிறியவரானாலும் அவரே பெரியவர்.