அட்டையில் பேர் இல்லாத ஆள்

"குருவே, அந்தப் பிரெஞ்சுக்காரன் மோசக்காரன்" என்றார் தணிகாசலம்.

மதலேன் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எந்தப் பிரெஞ்சுக்காரன், அண்ணே?"

"நேத்து இசைத்தட்டு போட்டீங்களே, அந்த ஆர்கன்காரன்."

"லுசியேன் பர்தோவா? அவர் என்ன பண்ணினார்?"

"ஒரு மனுஷன் பேரை முழுங்கிட்டான்."

தணிகாசலம் பாகூர்ப் பக்கம் ஒரு நாடகக் கம்பெனியில் கால் ஆர்மோனியம் வாசிக்கிறவர். கை மேலே வாசிக்க, கால் கீழே துருத்தியை மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் காற்று. காற்று இருந்தால்தான் பாட்டு.

அவர் மிதிக்கும்போது முன்வரிசைக்காரர்கள் துண்டைப் போர்த்திக்கொள்வார்கள். ஒருமுறை அவர் மிதித்த மிதியில் ராஜபார்ட்டின் ஒட்டுமீசை பறந்துபோய், எதிரே உட்கார்ந்திருந்த பஞ்சாயத்துத் தலைவரின் மூக்குக்குக் கீழே ஒட்டிக்கொண்டது. அடுத்த தேர்தலில் அந்த மீசையால்தான் அவர் ஜெயித்தார் என்று ஊரெல்லாம் சொல்வார்கள்.

ஊரெல்லாம் என்றால், தணிகாசலம்.

மதலேன் புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பாள். மற்ற நாளில் வாத்தியப் பெட்டிகளைப் பழுது பார்ப்பாள். தணிகாசலத்தைவிட நன்றாகவே இளையவள்.

ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஊமையாகிவிட்டது என்றுதான் அவர் முதலில் வந்தார். அன்று அவள் வீட்டில் ஒரு தட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாரீஸில் ஏதோ நிலவறையில் யாரோ பியானோ வாசித்தது. ஜாஸ். தணிகாசலம் அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டி சரியாயிடுச்சு, அண்ணே."

"பெட்டி கிடக்கட்டும்."

அன்றிலிருந்து அவள் குரு. அவள் வேண்டாம் என்று சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரும்போதெல்லாம் காலைத் தொடக் குனிவார். அவள் கொதிக்கிற எண்ணெய் தெறித்தமாதிரி பின்னால் குதிப்பாள்.

"வயசுல பெரியவர் நீங்க. என் ஆயுசைக் குறைக்காதீங்க."

இன்று அவர் குனியவில்லை. அவ்வளவு கோபம்.

"தட்டு உறையோட அட்டையில எத்தனை பேர்? நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க."

"ரெண்டு பேர். ஆர்கன் ஒருத்தர், டிரம் ஒருத்தர்."

"தட்டுல மூணு பேர் இருக்காங்க."

மதலேன் அடுத்த மீனை எடுத்தாள்.

"எத்தனை பியானோ தட்டு போட்டுக் காட்டினீங்க! எல்லாத்துலயும் ரெண்டு கை. வலது சண்டை போடும், இடது சமாதானம் பண்ணும். நியாயமா இருந்துச்சு. இந்த ஆர்கன் தட்டுல ரெண்டு கையும் மேலே பறக்குது. கீழே ஒருத்தன் தனியா நடந்து போறான். தும், தும், தும், தும். ஒரு அவசரம் கிடையாது. மழைக்கு முந்தி வயலைச் சுத்திப் பார்த்துட்டு வர்ற ஆளு மாதிரி."

"நல்லா நடக்கிறாரா?"

"என்னா நடை! அவன் நின்னா, மேலே பறக்கிற ரெண்டும் பொத்துனு கீழே விழும். அவன் பேரைத்தான் அட்டையில காணோம். யாரு குருவே அவன்?"

"பர்தோ கூடவே இருக்கிறவர்."

"சொந்தக்காரனா?"

"பிறந்ததுலேருந்து."

"தம்பியா? ஒண்ணா வளர்ந்தாங்களா?"

"ஒண்ணாத்தான். பர்தோ கல்யாணத்துக்கும் அவர்தான் கூட்டிக்கிட்டுப் போனார்."

"சாப்பாடு?"

"தனியா கிடையாது."

"படுக்கை?"

"கட்டிலோட கடைசியில."

தணிகாசலம் தன் தொடையில் ஓங்கி அடித்தார்.

"ஒரு கலைஞனை நடத்துற விதமா இது?"

மதலேன் உதட்டைக் கடித்துக்கொண்டு மீனின் செதிலைச் சுரண்டினாள்.

"அந்தப் பர்தோவுக்கு என்ன, குடுத்து வச்சவன். கரண்டுப் பெட்டி. காத்து அடிக்க வேணாம். கால் ரெண்டும் சும்மா தொங்கிக்கிட்டு இருக்கும். இருந்தும் கூட வாசிச்சவன் பேரைப் போட மனசு வரலை."

சொல்லிவிட்டு மடியிலிருந்து ஒரு ரோஸ் கலர் காகிதத்தை எடுத்து விரித்தார்.

"இன்னிக்கு நாடகத்துக்கு நோட்டீஸ். ராஜபார்ட் பேர் இருக்கு. ஸ்திரீபார்ட் பேர் இருக்கு. பந்தல்காரன் பேர் இருக்கு. சோடாக் கடைக்காரனுக்குப் படமே இருக்கு."

"உங்க பேரு?"

"முப்பது வருஷமா தேடுறேன்."

அவள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள்.

"வரமாட்டேன்னு சொல்லிட்டேன், குருவே. யாரோ ஒரு கீபோர்டுக்காரனைப் பிடிச்சிருக்காங்க. இனி நான் பெட்டியைத் தொடமாட்டேன். விறகுக்குப் போடப்போறேன்."

"பெட்டி இல்லாம உங்களால இருக்க முடியுமா?"

"முடியாது."

"அப்புறம்?"

"முடியாமத்தான் இருக்கப்போறேன்."

அவர் குரல் இறங்கிவிட்டது.

"நீங்க பிரெஞ்சுல பாரீஸுக்கு ஒரு வரி எழுதுங்க. அந்த மூணாவது ஆள் பேரைப் போடச் சொல்லி. எனக்குத்தான் நடக்கலை. அவனுக்காவது நடக்கட்டும்."

மதலேன் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவினாள். கூடத்து மூலைக்குப் போனாள்.

அங்கே படுக்கை விரிப்பால் மூடிய ஆர்கன் இருந்தது. மாதா கோயிலில் புதிது வாங்கியபோது ஒதுக்கியது. முன்பக்கம் தரைவரைக்கும் பலகை. தணிகாசலம் அது வாசித்துக் கேட்டதில்லை. வாசிக்கச் சொன்னபோதெல்லாம், "முதல்ல கேளுங்க அண்ணே, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவாள்.

விரிப்பை இழுத்தாள். கரண்டைப் போட்டாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் தலையும் தோளும்தான் தெரிந்தன.

"அண்ணே, என் காலைத் தொட்டுக் கும்பிடணும்னு எத்தனை நாளாக் கேக்குறீங்க?"

"வந்த நாளா."

"இன்னிக்குக் கும்பிடுங்க."

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆயுசு குறையுமே?"

"குறைஞ்சாக் குறையட்டும். நான் வாசிக்கிறப்பவே வந்து கும்பிடணும்."

வாசிக்க ஆரம்பித்தாள். அதே பாட்டு. நேற்றுத் தட்டில் கேட்டது. இரண்டு கையும் மேலே பறந்தன.

அப்புறம் அந்த மூன்றாவது ஆள் வந்தான்.

தும், தும், தும், தும்.

தணிகாசலம் வாசலைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். சமையல் கட்டை எட்டிப் பார்த்தார். அங்கே மீன்தான் இருந்தது.

"அங்கெல்லாம் தேடாதீங்க. காலைத் தொடுங்க."

எழுந்து ஆர்கனைச் சுற்றிக்கொண்டு போனார். மண்டியிட்டார். முழங்கால் இரண்டும் பட்டாசுமாதிரி வெடித்தன. கண்ணை மூடி, குருவை நினைத்துக் கையை நீட்டினார்.

கால் அங்கே இல்லை.

இடப்பக்கம் துழாவினார். அங்கிருந்து வலப்பக்கம் போய்விட்டது. வலப்பக்கம் போனார். நடுவுக்கு வந்துவிட்டது.

"குருவே, கால் நிக்கமாட்டேங்குது."

"கண்ணைத் திறங்க, அண்ணே."

திறந்தார்.

தரையோரம் நீளநீளமாகக் கட்டைகள், ஏணியைப் படுக்கப் போட்டமாதிரி. அதன்மேல் செருப்பில்லாத இரண்டு கால்கள். ஒரு பெருவிரலில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

அந்தக் கால்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு அவசரம் கிடையாது.

கால் படும்போதெல்லாம், தும்.

தணிகாசலம் எழுந்திருக்கவில்லை.

மேலேயிருந்து குரல் கேட்டது. "ஆளைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பேரைக் கேட்டீங்களா? பாரீஸுக்கு எழுதணுமே."

"கேட்டேன். நிக்க நேரமில்லையாம்."

மதலேன் சிரித்துவிட்டாள். சிரித்ததில் மேலே இரண்டு கையும் தடுமாறின.

கீழே நடந்தவர் தடுமாறவில்லை.

பாட்டு முடிந்தது. தணிகாசலம் ஆர்கனுக்குப் பின்னாலிருந்து வந்து தரையில் உட்கார்ந்தார். எப்போதும் சம்மணம் போடுகிறவர், இன்று காலை நீட்டிக்கொண்டார்.

பார்த்தார்.

வீங்கிய கணுக்கால். வெடித்த குதிகால். மிதித்து மிதித்துக் கறுத்த ஒரு நகம்.

மதலேன் குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தபோது, அவர் தோளிலிருந்து துண்டை எடுத்திருந்தார். முகம் மட்டுமே துடைக்கிற துண்டு. வெளுத்து மடித்தது.

அதைக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கையும் விடவில்லை.

"என்ன அண்ணே, சாப்பிட்டுட்டுப் போகலாமில்ல?"

"இல்லை குருவே, நாடகத்துக்கு நேரமாச்சு" என்றார் தணிகாசலம். "இவங்க ரெண்டு பேரும் ரொம்ப தூரம் நடக்கணும்."